பத்திரமும் நீராவியும்

யந்திரங்களை ஆக்குகிறவர்களையும் ஒப்பந்தங்களை எழுதுகிறவர்களையும் இரு வேறு உலகத்தினராக எண்ணிப் பழகிவிட்டோம். பட்டறையிலும் பரிசோதனைச் சாலையிலும் உழைப்பவர் ஒரு வகை. குத்தகை, பங்கு, பாத்தியதை என்று பேசி வாழ்பவர் மற்றொரு வகை என்பதே பொதுவான எண்ணம். ஒரு வர்த்தக வழக்கறிஞர், கட்சிக்காரர்களின் தாவாக்களைக் கவனித்தது போக எஞ்சிய நேரத்தில், பூமியின் உட்சூட்டிலிருந்து சக்தி எடுக்கும் சாதனம் ஒன்றைத் தாமே வகுத்துக் காப்புரிமையும் பெற்றார் என்று கேள்விப்பட்டால், அதை ஒரு விநோதமாகவே கொள்வோம். ஆனால் நிலவெப்பத் தொழிலின் சரித்திரத்தை அது பிறந்த இடத்திலிருந்து தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு இதில் விநோதம் ஒன்றும் தோன்றாது. அத்தொழிலுக்கு உயிர் கொடுத்தவர் ஒரு வியாபாரி. அதற்கு மின்சாரம் என்னும் மறுபிறவியை அளித்தவர் ஒரு பிரபு. இருவரும் யந்திர சாஸ்திரத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்லர். வரவு செலவையும் உரிமைப் பத்திரத்தையும் நன்கு அறிந்தவர்கள். அந்த அறிவுதான் அவர்களை யந்திரத்திடம் கொண்டு சேர்த்தது என்பதை அந்த இடத்தின் கதையே எடுத்துக் காட்டுகிறது.

இத்தாலியின் டஸ்கனிப் பிரதேசத்தில், வோல்ட்டெரா என்னும் பழம் பெரும் நகரத்துக்குத் தெற்கே, பொமரான்செ ஊராட்சியைச் சேர்ந்த மலைச்சரிவுகளுக்கு இடையே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதைப் பேய்ப் பள்ளத்தாக்கு என்றே அங்குள்ளோர் வழங்கி வந்தனர். நிலத்தின் வெடிப்புகளிலிருந்து கொதிக்கும் ஆவி பேரிரைச்சலுடன் பீறிட்டு எழும். ஆவி எழும் இடங்களில் சேறும் நீரும் தேங்கிக் குட்டைகளாகிக் கொந்தளித்துக் கொண்டிருக்கும். காற்றில் கந்தக நாற்றம் கலந்திருக்கும். சுற்றிலும் மண் வெளுத்து, புல் பூண்டற்றுக் கிடக்கும். ஆவித் தாரைகளை ‘சோஃபியோனி’ என்றும், கொதிக்கும் குட்டைகளை ‘லகோனி’ என்றும் அந்நாட்டார் அழைப்பர். இரவு வேளையில் கால் தவறிக் குட்டையில் விழுந்தால் மனிதனோ மாடோ உயிருடன் மீள்வது அரிது. ஆகவே அந்த இடத்துக்கு அந்தப் பெயர் வந்ததில் வியப்பில்லை. அந்தப் பெயர் பெற்ற இடத்தை ஒருவர் செல்வமாகக் கண்டாரே, அதுவே வியப்பு.

அந்த மலைப்புறத்தின் செல்வம் முதலில் வெளிப்பட்டது ஒரு பெருந்துயரமாகத்தான். துணிகளில் சாயம் நிலைத்து நிற்பதற்குப் படிகாரம் இன்றியமையாதது. கம்பளி வர்த்தகத்தால் வாழ்ந்த ஃப்ளாரன்ஸ் நகரத்துக்கோ அது உயிர்நாடி. பதினைந்தாம் நூற்றாண்டில் வோல்ட்டெராவின் எல்லைக்குள் படிகாரம் அகப்பட்டபோது, அதை வெட்டி எடுக்கும் உரிமை ஒரு பங்குதாரர் கூட்டத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகையின் நிபந்தனைகள் ஊருக்கு நஷ்டம் விளைவிப்பவை என்று வோல்ட்டெரா மக்கள் கருதினர். கொடுத்த உரிமையைத் திரும்பப் பெறக் கூடாது என்று குத்தகைதாரர் வாதாடினர். மத்தியஸ்தராக வந்த ஃப்ளாரன்ஸின் தலைவர் லோரென்ஸோ டி மெடிச்சி குத்தகைதாரர் பக்கம் சாய, ஊரில் கலகம் மூண்டது. முடிவில் 1472ஆம் ஆண்டு உர்பினோவின் ஃபெடெரிகோ டா மோன்ட்டெஃபெல்ட்ரோ ஃப்ளாரன்ஸின் சேனையுடன் வந்து நகரத்தை முற்றுகையிட்டார். நிபந்தனையின் பேரில் நகரம் சரணடைந்தும், போர்வீரர்கள் அதைச் சூறையாடினர். இத்தனைக்கும் காரணமான சுரங்கமோ பெரும் பயன் தராமலே போயிற்று. செவ்வையாக எழுதப்படாத ஓர் உரிமைப் பத்திரம் ஒரு நகரத்தையே அழித்துவிடும் என்பதை அந்நிலம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

அதற்குப் பின் முந்நூறு ஆண்டுகள் வரை அந்தக் குட்டைகளில் அடங்கியிருந்த மற்றொரு பொருளை எவரும் அறியவில்லை. நம் நாட்டுப் பொற்கொல்லர்கள் நகைகளைப் பற்ற வைக்கும்போது வெங்காரத்தைக் குழைத்துத் தடவுவதை நாம் பார்த்திருக்கிறோம். பொன்னின் மேல் படியும் மாசை நீக்கி, பற்ற வைக்கும் பொடியை உருக்கி ஓடச் செய்யும் அந்த வெண்பொருள் ஐரோப்பாவுக்கும் தேவையாக இருந்தது. பீங்கானின் மேற்பூச்சுக்கும் கண்ணாடிக்கும் அது வேண்டியிருந்தது. நெடுங்காலம் வரை அது திபெத்தின் ஏரிக்கரைகளிலிருந்தே கிடைத்து வந்தது. ஆடுகளின் முதுகில் சிறு பைகளாகக் கட்டப்பட்டு, இமயத்தின் கணவாய்களைக் கடந்து இந்தியச் சந்தைகளுக்கு இறங்கிய வெங்காரம், அங்கிருந்து கடல் கடந்து வெனிஸ் போன்ற துறைமுகங்களை அடைந்து, அங்கே சுத்தி செய்யப்பட்டது. இவ்வளவு தூரம் கடந்து வரும் பொருளின் விலை எவ்வளவு ஏறியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1777ஆம் ஆண்டு, டஸ்கனியின் பெருங்கோமகனுடைய மருந்துச்சாலையை மேற்பார்த்து வந்த ஹோஃபர் என்னும் ரசாயனி, மோன்ட்டெரொட்டோண்டோவின் கொதிகுட்டை ஒன்றின் நீரைக் காய்ச்சி வடித்து, அதில் போரிக் அமிலம் இருப்பதைக் கண்டறிந்தார். வெங்காரத்தின் மூலப்பொருள் அதுவே. சிறிது காலத்துக்குள், உடற்கூறு சாஸ்திரத்தில் புகழ் பெற்ற பாவ்லோ மஸ்கான்யி, குட்டைகளின் கரைகளில் அது கட்டியாகவும் படிந்திருப்பதைக் கண்டு, அதைத் தொழிலாக்கலாம் என்று எடுத்துரைத்தார். ஆயினும் அறிவு வேறு, ஆக்கம் வேறு. நீரில் கரைந்திருக்கும் அமிலம் மிக மிகச் சொற்பம். ஒரு படி அமிலம் பெற எத்தனையோ பீப்பாய் நீரைக் காய்ச்சியாக வேண்டும். காய்ச்சுவதற்கு விறகு வேண்டும். விறகுக்கோ காடு வேண்டும். அறிஞர்கள் கண்ட உண்மை ஒரு தலைமுறைக்கு மேல் ஏட்டளவில் கிடந்ததற்கு இதுவே காரணம்.

இந்த நிலையில் வந்தவர்தான் ஃபிரான்ஸ்வா ழாக் டெ லார்டரெல். ஃபிரான்ஸின் வியென் நகரில் பிறந்து, லிவோர்னோத் துறைமுகத்தில் குடியேறி வர்த்தகம் நடத்திய அவர், 1818ஆம் ஆண்டு சில பங்குதாரருடன் கூடி, மோன்ட்டெசெர்பொலியின் குட்டைகளில் அமிலம் எடுக்கும் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். நிலத்தை வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ, பங்குகளைப் பிரிக்கவோ சேர்க்கவோ, சரக்கைத் துறைமுகத்துக்கு அனுப்பி விற்கவோ அவருக்கு யாரும் கற்றுத் தர வேண்டியிருக்கவில்லை. சிக்கல் எழுந்தது கணக்கில். இரும்புக் கொப்பரைகளில் குட்டை நீரை ஊற்றி, கீழே விறகிட்டுக் காய்ச்சக் காய்ச்ச, அருகிலிருந்த காடுகள் மறையலாயின. விறகு தொலைவிலிருந்து வர வர, ஆதாயம் கரையலாயிற்று. ஒருபுறம் மனிதன் காட்டை எரித்து நீரைச் சூடாக்கிக் கொண்டிருக்க, பத்தடி தள்ளி பூமி எந்த விறகும் இன்றி இரவு பகலாக ஆவியைக் கக்கிக் கொண்டிருந்தது. அதுவரை அதை எல்லோரும் பார்த்திருந்தனர். விறகுச் செலவைப் பேரேட்டில் தன் கையால் எழுதி எழுதி வருந்தியவருக்கே அதன் பொருள் விளங்கியது.

1827ஆம் ஆண்டு லார்டரெல் செய்த காரியம் எளிமையானது. அந்த எளிமையிலேயே அதன் மேன்மையும் இருக்கிறது. கொதிக்கும் குட்டை ஒன்றின் மேல் செங்கல்லால் தாழ்ந்த குவிமாடம் ஒன்றை, கொதிக்கும் பானையின் மேல் மூடியைக் கவிழ்த்தது போல எழுப்பினார். வீணாக வானத்துக்குப் போய்க் கொண்டிருந்த ஆவி உள்ளே தங்கியது. அதைக் குழாய் வழியே கொண்டுபோய், அமில நீர் நிரப்பிய கொப்பரைகளின் அடியில் செலுத்தினார். அன்று முதல் விறகு தேவைப்படவில்லை. குட்டையே தன் நீரைத் தானே காய்ச்சித் தன் உப்பைத் தானே கொடுத்தது. பிற்காலத்தில் ஈயத் தகட்டால் ஆன மிக நீண்ட, சாய்வான கொப்பரைகள் வந்தன. மேல்முனையில் விடப்பட்ட நீர் மெல்லிய தாரையாக இறங்கி வருவதற்குள், அடியில் ஓடும் ஆவியின் சூட்டால் செறிந்து, கீழ்முனையில் அமிலம் படிகமாவதற்குத் தயாராகிவிடும். குட்டையையே நம்பியிராமல் நிலத்தைத் துளைத்து ஆவியைத் தேடும் முயற்சியும் தொடர்ந்தது. இன்று உலகில் எங்கு நிலவெப்பத்துக்காகக் கிணறு தோண்டினாலும், அந்த முயற்சியின் மூதாதையர் இந்தப் பள்ளத்தாக்கின் கூலியாட்களே.

இதனால் விளைந்த பயன் பெரிது. டஸ்கனியின் அமிலம் இங்கிலாந்தின் பீங்கான் சூளைகளை எட்டியது. திபெத்தின் ஏகபோகம் முறிந்தது. காஸ்டெல்நுவோவோ, ஸெர்ராஸ்ஸானோ, லுஸ்திஞ்ஞானோ, ஸாஸ்ஸோ, மோன்ட்டெரொட்டோண்டோ என்று பல இடங்களில் தொழிற்சாலைகள் எழுந்தன. தொழிலாளருக்கு வீடுகளும் குழந்தைகளுக்குப் பள்ளியும் தேவாலயமும் கொண்ட ஒரு குடியிருப்பு, பேய்களின் இடம் என்று அஞ்சப்பட்ட நிலத்திலேயே அமைந்தது. பெருங்கோமகன் இரண்டாம் லியொபோல்ட் 1837இல் லார்டரெலுக்கு மோன்ட்டெசெர்பொலியின் கோமான் என்னும் பட்டம் அளித்தார்; 1846இல் அந்தக் குடியிருப்புக்கு லார்டரெல்லோ என்று அவர் பெயரையே சூட்டினார்.

செல்வம் ஒரே பொருளைச் சார்ந்து நிற்கும்போது அது நிலையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் அமெரிக்காவிலும் துருக்கியிலும், பின்னர் கலிஃபோர்னியாவின் பாலைநிலங்களிலும் வெங்காரம் மண்ணோடு மண்ணாகவே அள்ளக் கிடைத்தது. வாரி எடுக்கும் பொருளோடு காய்ச்சி எடுக்கும் பொருள் எவ்வளவு காலம் போட்டியிட முடியும்? விலை சரிந்தது, டஸ்கனியின் தொழிற்சாலைகள் தளர்ந்தன. அந்தத் தளர்ச்சியின் காலத்தில் நிர்வாகப் பொறுப்பை ஏற்றவர் பியெரோ ஜினோரி கோன்ட்டி. அவர் லார்டரெல் குடும்பத்தின் மருமகன், பிரபு குலத்தவர், பாராளுமன்றத்தில் அமர்ந்தவர், பின்னாளில் செனட்டரும் ஆனவர். பரம்பரைச் சொத்தைக் காக்க வந்த ஒருவர் விலையேற்றத்துக்காகச் சுங்கவரி கேட்டு அரசாங்கத்தின் வாயிலில் நின்றிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ வேறொரு வினாவை எழுப்பிக்கொண்டார். நம்மிடம் இருக்கும் உண்மையான சொத்து அமிலமா, அல்லது இத்தனை காலமும் அமிலத்தைக் காய்ச்சப் பயன்பட்ட ஆவியா என்பதே அந்த வினா.

அதற்கு விடை 1904ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4ஆம் நாள் லார்டரெல்லோவில் கிடைத்தது. முக்கால் குதிரைசக்தி கொண்ட ஒரு சிறு யந்திரம். அதன் உருளைக்குள் பூமியின் ஆவி தரும் அழுத்தம். அதனோடு இணைத்த ஒரு டைனமோ. டைனமோவிலிருந்து செல்லும் கம்பியின் முனையில் ஐந்து மின்விளக்குகள். கரி இல்லை, விறகு இல்லை, அருவி இல்லை. ஆயினும் ஐந்து விளக்குகளும் எரிந்தன. நிலவெப்பத்தால் மின்சாரம் உண்டாக்கலாம் என்பதற்கு உலகம் கண்ட முதல் நிரூபணம் அதுவே. அடுத்த ஆண்டில் பெரிய யந்திரம் ஒன்று வந்து, தொழிற்சாலைக்கே மின்சாரம் அளித்தது.

ஐந்து விளக்குகளை எரிப்பது ஒரு வித்தை. ஊர்களுக்கெல்லாம் ஒளி தருவது ஒரு தொழில். இரண்டுக்கும் இடையே நின்ற பகை, ஆவியின் மாசு. பூமியிலிருந்து வரும் ஆவி தூய நீராவி அன்று. கந்தக ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் போரிக் அமிலத்தின் நுண்துகள்களும் அதில் கலந்திருக்கின்றன. யந்திரத்தின் இரும்பை அவை அரித்துத் தின்றுவிடும். ஆகவே பூமியின் ஆவியை நேரே யந்திரத்துக்குள் விடாமல், அதன் சூட்டால் தனிக் கலத்தில் தூய நீரைக் கொதிக்க வைத்து, அந்தத் தூய ஆவியால் டர்பைனைச் சுழற்றும் முறை வகுக்கப்பட்டது. வெப்பத்தில் ஒரு பகுதி இதனால் நஷ்டமாயினும் யந்திரம் பிழைத்தது. பீஸா சர்வகலாசாலையின் ரசாயனப் பேராசிரியர் ரஃபயேல்லோ நஸீனி இந்த ஆவிகளின் சேர்க்கையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். தனக்குத் தெரியாததை எவரிடம் கேட்க வேண்டும் என்று அறிந்திருந்ததும் ஜினோரி கோன்ட்டியின் திறமைகளில் ஒன்று. பிரிந்து கிடந்த உரிமைகளை 1912இல் ஒரே ஸ்தாபனமாக அவர் ஒன்றுபடுத்தினார். மறு ஆண்டே, 1913இல், 250 கிலோவாட் டர்பைன் ஓடத் தொடங்கியது. இந்த இரண்டு ஆண்டுகளும் அடுத்தடுத்து வருவது தற்செயல் அன்று. ஒரே நிலத்தடிச் சேமிப்பிலிருந்து பலர் தனித்தனியே ஆவி எடுப்பார்களாயின், ஒருவர் முதல் போட்டுத் துளைக்கும் கிணற்றின் பலனை அடுத்தவர் உறிஞ்சிக்கொள்ளலாம். அந்த அச்சம் இருக்கும் வரை எவரும் பெரிய யந்திரத்துக்குப் பணம் இட மாட்டார். பத்திரம் ஒன்றுபட்ட பிறகே யந்திரம் பெரிதாக முடிந்தது.

அதன் பின் வளர்ச்சி விரைந்தது. கரிக்காகப் பிற நாடுகளை நம்பியிருந்த இத்தாலிக்கு, முதல் உலகப் போரின் கரிப்பஞ்சம் இந்தச் சக்தியின் மதிப்பை உணர்த்தியது. 1927இல் இயற்றப்பட்ட சுரங்கச் சட்டம், நிலத்தடி ஆவியையும் வாயுவையும் கனிப்பொருள்களின் வரிசையில் சேர்த்தது. மேற்பரப்பு ஒருவருடையதாக இருந்தாலும், அடியில் உள்ள ஆவியை எடுக்க அரசாங்கத்தின் அனுமதி வேண்டும் என்றாயிற்று. 1939இல் தொழில் அரசாங்க ரயில்வேயின் வசமாயிற்று. ஜினோரி கோன்ட்டி காலமானதும் அந்த ஆண்டிலேயே. இரண்டாம் உலகப் போரின் நடுவில் உற்பத்தித் திறன் ஒரு லட்சம் கிலோவாட்டைத் தாண்டியிருந்தது. 1944இல் பின்வாங்கிச் சென்ற ஜெர்மானியப் படை மின்நிலையங்களைத் தகர்த்தது. இத்தாலியில் போரிட்டுக் கொண்டிருந்த நியூஸிலாந்துப் படையின் பொறியாளர்கள், தம் நாட்டின் வெந்நீர் ஊற்றுகளுக்கு வழிகாட்டுமென்று அந்த இடத்தைக் காண வந்தபோது, அவர்கள் கண்டது இடிபாடுகளையே. யந்திரங்கள் அழிந்தன, அனுபவம் அழியவில்லை. சில ஆண்டுகளில் லார்டரெல்லோ மீண்டும் எழுந்தது. 1958இல் நியூஸிலாந்தின் வைராக்கேயிலும் நிலவெப்ப மின்நிலையம் இயங்கலாயிற்று.

அமெரிக்காவில் இந்தத் தொழில் காலூன்றியபோது, பழைய வோல்ட்டெராவின் வழக்கு புதிய உருவில் திரும்ப வந்தது. கலிஃபோர்னியாவின் கைஸர்ஸ் என்னும் மலைப்பகுதியில் 1960இல் 11,000 கிலோவாட் மின்நிலையம் ஓடத் தொடங்கியதும், நிலத்தடி ஆவி எந்த வகைப் பொருள் என்ற வினா நியாயஸ்தலங்களை அடைந்தது. அது நீர் என்றால் ஒரு சட்டம். வாயு என்றால் வேறொரு சட்டம். கனிப்பொருள் என்றால் மற்றொன்று. எடுக்க எடுக்கக் குறையும் வாயு அது என்று கொண்டு, அதைத் தோண்டியவருக்கு வருமான வரியில் சலுகை உண்டு என்ற தீர்ப்பை 1972இல் அப்பீல் நியாயஸ்தலம் உறுதி செய்தது. 1916ஆம் ஆண்டுச் சட்டப்படி கால்நடை வளர்ப்போருக்கு அரசாங்கம் நிலம் வழங்கியபோது, கனிப்பொருள்களைத் தனக்கென நிறுத்திக்கொண்டிருந்தது; அந்த ஒதுக்கீட்டில் நிலவெப்பமும் அடங்கும் என்று 1977இல் தீர்ப்பாயிற்று. சட்டம் இயற்றியவர்கள் கனவிலும் நினையாத ஒரு பொருளுக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்று வாதிட்ட வழக்கறிஞர்கள், ஆவி எங்கிருந்து வருகிறது, எவ்வாறு தேங்குகிறது, எடுத்தால் குறையுமா என்பவற்றையெல்லாம் பொறியாளர் அளவுக்குக் கற்றாக வேண்டியிருந்தது. இந்த இரு தீர்ப்புகளுக்கும் முன்பே, 1970ஆம் ஆண்டில், அமெரிக்கக் காங்கிரஸ் நிலவெப்ப ஆவிக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது.

இங்கேதான் வழக்கறிஞரும் யந்திரமும் சந்திக்கும் இடம் தெளிவாகிறது. நிலவெப்பத் தொழிலில் செலவின் பெரும்பகுதி முன்னால் வருகிறது; வரவு பல ஆண்டுகளுக்குப் பின்னால் வருகிறது. ஆயிரக்கணக்கான அடி ஆழத்துக்குத் துளைத்த பின்பும் கிணறு வறண்டிருக்கலாம். அந்த நஷ்டம் நிலச் சொந்தக்காரருடையதா, துளைத்தவருடையதா, கடன் கொடுத்தவருடையதா என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டியவர் வர்த்தக வழக்கறிஞர். தொழில் எந்த இடத்தில் முறிகிறது என்பது அவருக்குத் தெரியும். நீர் உரிமையில் முறிகிறதா, அண்டை நிலத்தாரின் வழக்கில் முறிகிறதா, ஆழத்தின் செலவில் முறிகிறதா என்பதைக் கோப்புகளே அவருக்குச் சொல்லும். நிலத்தடி நீரை எடுக்காமல், மூடிய குழாயில் ஒரு திரவத்தை இறக்கிச் சூடேற்றி மீண்டும் மேலே கொண்டுவரும் முறை ஒன்றை அவர் சிந்திப்பாராயின், அது பொழுதுபோக்கு ஆகாது; தாவாவையே தோன்றாமல் செய்யும் யந்திரத்தை அவர் தேடுகிறார். விறகுக் கணக்கிலிருந்து லார்டரெல் குவிமாடத்துக்குச் சென்ற வழியும், அமிலத்தின் விலையிலிருந்து ஜினோரி கோன்ட்டி டைனமோவுக்குச் சென்ற வழியும் இதுவே.

நம் நாட்டுக்கும் இந்தச் சரித்திரத்தில் ஓர் இடம் உண்டு. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகளும் அவற்றின் கரையில் படிந்த வெங்காரமும் கந்தகமும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. டஸ்கனியில் கண்ட அதே சேர்க்கை இமயத்தின் உச்சியிலும் காணப்படுகிறது. அங்கே நிலவெப்ப மின்நிலையம் அமைக்க 2021ஆம் ஆண்டு எண்ணெய், இயற்கை வாயுக் கழகத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அந்தப் பள்ளத்தாக்கில் மந்தை மேய்த்து வாழும் மக்களுக்கு ஆவியில் என்ன பாத்தியதை, நீரில் என்ன பாத்தியதை, வரும் ஒளியில் என்ன பங்கு என்பவை மின்நிலையம் எழுமுன் தெளிவாக எழுதப்பட வேண்டியவை. வோல்ட்டெராவின் படிகாரக் குத்தகை எழுதப்பட்டதைப் போல் அது எழுதப்படலாகாது.

லார்டரெல்லோவின் கிணறுகள் இன்றும் ஓய்வின்றி வேலை செய்கின்றன. டஸ்கனியின் மின்சாரத் தேவையில் சுமார் மூன்றில் ஒரு பங்கை அப்பிரதேசத்தின் நிலவெப்பம் நிறைவு செய்கிறது. ஆவியின் அழுத்தம் குறைவதைக் கண்டு, குளிர்ந்த நீரை மீண்டும் நிலத்துக்குள் செலுத்தும் முறையையும் 1970களின் பிற்பகுதியிலிருந்து அங்கே கையாண்டு வருகிறார்கள். எடுப்பவன் திருப்பிக் கொடுக்கவும் கடமைப்பட்டவன் என்னும் விதி அங்கே பத்திரத்திலிருந்து பொறியியலுக்கு வந்துவிட்டது. ஒரு தேசம் தன் இளைஞர்களில் சிலரைச் சட்டத்துக்கும் சிலரை யந்திரத்துக்கும் என்று பிரித்து அனுப்பிவிட்டு, இருவரும் ஒருவர் நூலை ஒருவர் திறவாதபடி செய்துவிடுமாயின், தன் காலடியில் உள்ள செல்வத்தை அது வழக்காடியே தீர்த்துவிடும். இரண்டையும் ஒருங்கே கற்க விரும்புகிறவர் அரியராயினும், அவருக்கு வழிவிடும் சமூகத்துக்கே பூமி தன் சூட்டைப் பயனாகக் கொடுக்கும்.